பாட்டுக்கு நடந்தவன்

பாண்டித்துரைக்கு நடக்கத் தெரியும். அதுதான் அந்தக் குடும்பத்தைப் பிடித்த சனி. உலகத்தில் எல்லாரும்தான் நடக்கிறார்கள். ஆனால் இவன் பனியன் கம்பெனியில் அயர்ன் மேஜையிலிருந்து தண்ணீர் குடிக்கப் பத்தடி போவதற்கே தோளை ஒரு பக்கம் சாய்த்து, காலை அகட்டி வைத்து, பின்னால் இருபது பேர் வருவது போலப் போவான். பின்னால் ஒரு நாயும் வராது. துணியில் பழுது பார்க்கிற செக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவன் மனைவி நாகஜோதி ஓவர்லாக் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், இந்த மனுசனுக்கு எப்போதுதான் புத்தி வருமோ என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்க்கவும் செய்வாள். அந்த நடையில் மயங்கித்தானே ஐந்து வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டே வந்தாள்.

வந்த கதை சின்னதுதான். இரண்டு பேருக்கும் தெற்குச் சீமை. அவள் ஆட்கள் வேறு, இவன் ஆட்கள் வேறு. இரண்டு தரப்பும் ஒரே குளத்தில் மாடு குளிப்பாட்டாது. அவள் டவுனுக்கு டைப்பிங் படிக்கப் போனாள், அவன் அங்கே போன் ரீசார்ஜ் கடையில் இருந்தான், ஒரு நாள் விடிகாலை பஸ்ஸில் இருவரும் திருப்பூருக்கு வந்து இறங்கினார்கள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா வெள்ளையம்மாள், அண்ணன் தங்கதுரை, தம்பி பூமிநாதன். அண்ணன் அப்போது மலேசியாவில் இருந்தான். சேதி கேட்டு ஓடி வந்தவன், இரண்டு பேரையும் கண்ட இடத்தில் முடிப்பேன் என்று குலசாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். பாண்டித்துரையை அவன் நேரில் பார்த்ததே இல்லை. அவன் கையில் சிக்கியது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். அதில் இருப்பது மீசை அரும்பின ஒரு நோஞ்சான் பையன்.

திருப்பூர் ஒரு விதத்தில் நல்ல ஊர். இங்கே கம்பெனி வாசலில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஒண்ணரை ஷிப்ட் பார்ப்பீர்களா? காலை எட்டரைக்கு உட்கார்ந்து ராத்திரி எட்டு மணிக்கு எழுந்திருக்கச் சம்மதித்தால் போதும், எந்தத் தெரு என்று யாரும் நோண்டுவதில்லை. மங்கலம் ரோட்டில் தெய்வாத்தாள் என்கிற கவுண்டரம்மாவின் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒற்றை அறை கிடைத்தது. மகள் கீர்த்தனா அங்கேதான் பிறந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் மதுரைப் பக்கம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்கள். பொங்கலுக்குத் தெற்கத்தி ஆட்கள் மூட்டை முடிச்சோடு பஸ் ஸ்டாண்டில் அடித்துப் பிடித்து ஏறும்போது, இவர்கள் மட்டும் அறையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். ஐந்து வருஷமாக இருவரும் சேர்ந்து ஒரு சினிமாக் கொட்டகைக்குப் போனதில்லை.

இப்படி அடங்கிக் கிடந்தவனைத்தான் நித்தீஷ் கண்டுபிடித்தான். நித்தீஷ் மங்கலத்துப் பையன், கல்யாண வீடியோ எடுப்பவன். ஆட்கள் ஊருக்குக் கிளம்புமுன் கம்பெனியில் வைக்கிற பொங்கலைப் படம் பிடிக்க வந்தவன், கரும்புக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பாண்டித்துரையைக் கேமராவுக்குள் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணா, ஒரு நிமிசங்க. இன்னொருக்கா அதே மாதிரி நடந்து வாங்க."

நடந்தான். கேட்கவும் வேண்டுமா?

"தெக்கத்தி ஆல்பம் பாட்டு ஒண்ணு ஆர்டர் வந்திருக்குதுங்க. அதுக்கொரு ஹீரோ வேணும். எங்கூர்ப் பசங்க மூஞ்சியெல்லாம் தயிரும் சோறும் தின்ன மூஞ்சிங்க. உங்களுக்குத்தானுங்க அந்தக் களை இருக்குது."

"என்ன பாட்டு தம்பி?"

"பாட்டு இன்னும் வரலீங்க. தாளம் மட்டும் அனுப்பியிருக்காங்க. நீங்க வாயசைக்கவே வேண்டாங்க, நடந்தாப் போதும்."

சினிமாவிலாவது கதாநாயகன் பத்துப் பேரை அடித்துப் போட்ட பிறகு பாட்டு வரும். இந்த ஆல்பம் பாட்டில் அடிக்கவும் வேண்டாம், பாடவும் வேண்டாம். ஒரு ஆள் நடந்து வருவான், அவன் புகழை இன்னொரு ஆள் தொண்டை கிழியப் பாடுவான். நித்தீஷுக்கு அதுவும் ஒரு கல்யாண ஆல்பம் மாதிரிதான். தெற்கே இப்படிப்பட்ட பாட்டின் முதல் அடியைக் கேட்டதுமே இது எந்தத் தெருப் பாட்டு என்று பச்சைப்பிள்ளை கூடச் சொல்லிவிடும் என்பதும், தெரு மாறி அதைப் போட்டால் மண்டை உடையும் என்பதும் அவனுக்குத் தெரியாது. அவன் கணக்கில் மதுரையைத் தாண்டினால் எல்லாரும் ஒரே ஆட்கள்.

நாகஜோதி ஒத்துக்கொள்ளவே இல்லை. பாண்டித்துரை மூன்று நாள் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஜோதி" என்றான். நீராவி அயர்ன் பெட்டியைத் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. தாடியை எடுக்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டு அனுப்பிவைத்தாள். பல்லடத்துப் பக்கம் ஒரு கல்குவாரியில், வாடகைக் குதிரையோடும் அட்டை அருவாளோடும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெறும் தாளத்துக்கு நடந்துவிட்டு, முகமெல்லாம் வெயிலில் கருகி, ஐந்து வருஷத்தில் அவள் பார்க்காத ஒரு சிரிப்போடு வீட்டுக்கு வந்தான். செய்தது தப்பில்லை என்று அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பாட்டு மாசிக் கடைசியில் வந்தது. காலை டீ நேரம். பக்கத்து மிஷின் வரிசையில் ஒரு தெற்கத்தி டைலர் போனில் சத்தமாக வைத்தான். தவில் முழங்கியது, உறுமி உறுமியது, அதற்குப் பிறகு பாடகன் முதல் வார்த்தையாகச் சொன்னதே நாகஜோதியின் ஆட்களுடைய பெயரைத்தான்.  கையிலிருந்த டீ ஆறிப்போனது.

"அக்கா தங்கச்சி மேல ஒருத்தன் கைய வச்சா
அருவா பேசும் எங்க ஊருல, வாயி பேசாது."

அந்தப் பாட்டு காவல் காக்கிற தங்கச்சி அவள்தான். அருவாள் யாருக்கு என்றால், அதோ, அதைத் தோளில் சாத்திக்கொண்டு புழுதி பறக்க நடந்து வருகிறானே, அவனுக்குத்தான். இந்தக் கூத்தை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

அன்றைக்கு ராத்திரி வீட்டில் ரகளை. நித்தீஷுக்குப் போன் போட்டார்கள். "அண்ணா, சேனல் அவங்களோடதுங்க. எடுத்துக் குடுத்ததோட என்ற வேலை முடிஞ்சுதுங்க. ஏனுங்க, பாட்டு நல்லாத்தானுங்க ஓடுது?" என்று பரிதாபமாகக் கேட்டான் அவன். காரணத்தை அவனிடம் சொல்ல முடியுமா? போனை வைத்தார்கள். பாண்டித்துரை முகம் வெளிறி உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பாட்டுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஆறு லட்சம் பேரு பாத்திருக்காங்க ஜோதி."

"அதுல ஒருத்தன் எங்கண்ணனா இருந்தா?"

"கண்ணாடி, தாடி, குதிரை. பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது." சொல்லிவிட்டு மெதுவாகச் சேர்த்துக்கொண்டான்: "கம்பீரத்தின் மறுபெயர்னு ஒருத்தன் போட்டிருக்கான்."

நாகஜோதியிடமும் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. இன்ஸ்டாகிராமில் ரோஜாப்பூப் படம் வைத்து, வேறு பெயரில் ஒரு கணக்கு. புருஷனுக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூம் வரிசையில் நின்றுகொண்டு அதில்தான் அண்ணனையும் தம்பியையும் பார்ப்பாள். அம்மா ஏதாவது படத்தில் ஓரமாக நிற்கிறாளா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவை, கிடா வெட்டுப் படத்தில், அம்மாவின் சேலை முந்தானை மட்டும் கிடைத்தது. அம்மா நன்றாக இருக்கிறாளா என்று யாரிடமும் கேட்க முடியாமல் அந்த முந்தானையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள் அவள்.

பாட்டு வந்த நாலாம் நாள் அதே வரிசையில் நின்று போனைத் திறந்தாள். தங்கதுரை ஸ்டோரி போட்டிருந்தான். குதிரையிலிருந்து இறங்கிப் பாண்டித்துரை நடந்து வருகிறான். கீழே நெருப்புப் படங்களோடு, "எங்க அண்ணன் நடந்தா எவன்டா நிப்பான்."

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். வெட்டத் தேடுகிறவனையே தலையில் தூக்கிவைத்து ஆடுகிறானே, இந்த முட்டாளா எனக்கு அண்ணன்! அப்புறம் போனை அணைத்து இடுப்பில் செருகினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே நாளில் மூன்று ஊசி உடைத்தாள். ஒரு கட்டுப் பனியனுக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்து சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ரோட்டில் போகிற வண்டிகளின் நம்பரைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. முப்பத்தொன்பது என்றால் உள்ளூர், பரவாயில்லை. அறுபத்தேழு என்று கண்டால் ஊர்க்காரன் வண்டி. உடனே முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டு மளிகைக் கடைக்குள் நுழைந்துகொள்வாள். எதிரே சிரித்துக்கொண்டு வந்த ஒருவன் பாண்டித்துரையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டபோது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடியே விட்டாள். வீட்டுக்கார அம்மாள் தெய்வாத்தாள் வேறு சும்மா இருக்கவில்லை.

"ஏங்கண்ணு, உன்ற ஊட்டுக்காரன் போன்ல வாராப்ல, நீயென்ன பேயறைஞ்சாப்ல சுத்தற? நானா இருந்தா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவேன்" என்றாள்.

"இல்லீங்கம்மா, சும்மாதானுங்க" என்று நாகஜோதி அந்த ஊர்ப் பேச்சிலேயே சமாளித்தாள். உள்ளே வந்ததும் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

பாண்டித்துரையோ நாளுக்கு நாள் பயம் தெளிந்துகொண்டே வந்தான். கம்பெனியில் ஆட்கள் எழுந்து வழி விட்டார்கள். டீக்கடையில் முதல் டீ அவனுக்கு. மீசையை முறுக்கிவிடப் பழகிக்கொண்டான். பயந்துபோன மனுசனோடு ஐந்து வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு, இந்தப் பயமில்லாத மனுசனைப் பார்க்கத்தான் அதிகப் பயமாக இருந்தது.

பங்குனி இரண்டாம் வாரம் நித்தீஷ் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அண்ணா, நம்ம ரேஞ்சே மாறிப்போச்சுங்க! தெக்க ஒரு ஊர்ல பங்குனிப் பொங்கல் திருவிழாங்க. ஹீரோவை நேர்ல கூட்டிட்டு வந்து மேடையில மாலை போடணும்னு கமிட்டில கேக்கறாங்க. கார் அனுப்பறாங்களாம். உங்க நம்பரும் குடுத்துட்டனுங்க."

"எந்த ஊரு?" என்றாள் நாகஜோதி.

அவன் சொன்னான். அவள் பிறந்த ஊர். "கமிட்டித் தலைவரு பேரு தங்கதுரைங்க. போன்ல என்ன மரியாதைங்கறீங்க!" என்றும் சொன்னான். கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனான். மகராசன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

கதவைச் சாத்தினாள். பாண்டித்துரை கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். 

"போனா என்ன?" என்றான்.

"என்னது?"

"அவனுக்கு என்னைத் தெரியலல்ல? போறேன். உங்கண்ணன் கையாலயே மாலை வாங்கிக்கிறேன். அந்த ஊரு என்னைப் பாத்துக் கத்தணும்."

"உங்களுக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? அது பாட்டுய்யா. எவனோ எழுதி எவனோ பாடுனது. குதிரை வாடகை, அருவா அட்டை. நீங்க நெஜம்னு நினைச்சுட்டீங்களா?"

"அஞ்சு வருசமா எலி மாதிரி ஒளிஞ்சு கெடக்கேன் ஜோதி!" அவன் குரல் உடைந்தது. "எங்கம்மா சாவுக்குக் கூட நான் போகல. என்ன தப்புப் பண்ணினேன்? உன்னைக் கட்டிக்கிட்டேன். ஒரு நாளாச்சும் அந்த மண்ணுல தலை நிமிந்து நடந்துட்டு வாரேன். விடு."

 அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் தாலி தங்குமா? அவன் போவது என்று முடிவு கட்டிவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. சனிக்கிழமை புது வேட்டி சட்டை வாங்கி வந்து, அவனே அயர்ன் பண்ணி ஆணியில் மாட்டினான். அவள் ராத்திரிச் சோறு பொங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பதினோரு மணி இருக்கும். கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாண்டித்துரை லைன் வீட்டுப் பொதுக் குளியலறையில் இருந்தான். சார்ஜில் கிடந்த அவன் போன் அடித்தது. நாகஜோதி மசாலாக் கையைக் கழுவுவதற்குள் கீர்த்தனா எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா குளிக்கறாங்க... கீத்தனா... மூணு வயசு... அம்மா ஊட்டுல இருக்காங்க."

நாகஜோதி பாய்ந்து போனைப் பிடுங்கினாள். அணைக்கத்தான் போனாள். அதற்குள் குரல் வந்துவிட்டது.

"அண்ணி, வணக்கம். திருவிழாக் கமிட்டியிலருந்து பூமிநாதன் பேசுறேன்."

கட்டை விரல் நின்றுவிட்டது. அவள் வீட்டை விட்டு வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. குரல் உடைந்து ஆம்பிளைக் குரலாகியிருந்தது. ஆனாலும் தம்பி குரல் தெரியாதா? ஒரு வார்த்தை பேசினால் அவனுக்கும் இந்தக் குரல் தெரிந்துபோகும். வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்போது அந்தப் பக்கம் இன்னொரு குரல் அதட்டியது. அது தங்கதுரை.

"என்னடா, எடுத்தாகளா? அண்ணன்கிட்டக் குடுக்கச் சொல்லுடா."

"அண்ணன் குளிக்காகளாம். அண்ணிதான் பேசுறாக" என்றான் பூமி. பிறகு போனில், "சொல்லுங்க அண்ணி" என்றான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்படியா? ஐயையோ, எப்ப அண்ணி?"

அவளுக்குப் புரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

"வண்டியிலருந்தா விழுந்தாக? காலா? முறிஞ்சே போச்சா?" பூமி உச்சுக் கொட்டினான். "அப்பத் திருவிழாவுக்கு எப்பிடி அண்ணி வர முடியும்? வேண்டாம், வேண்டாம். ஆளை அலைக்கழிக்கக் கூடாது."

"என்னடா ஆச்சு? ஸ்பீக்கர்ல போடுடா" என்றான் தங்கதுரை.

"சார்ஜே இல்லண்ணே, சும்மா கத்தாத. அண்ணனுக்குக் கால் முறிஞ்சு போச்சாம். மாவுக்கட்டுப் போட்டிருக்காம்."

அப்போதுதான் நாகஜோதிக்கு விளங்கியது. பூமிக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் ரீசார்ஜ் கடையில் நின்று, காசில்லாமல் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்டு போன பயல் அவன். ஏற்றிக் கொடுத்தவன் பாண்டித்துரை. கண்ணாடி போட்டால் என்ன, தாடி விட்டால் என்ன, அந்த நடையை அவனுக்குத் தெரியாதா? பாட்டு வந்த அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்தும், ஸ்டோரி போட்டுக் குதித்த அண்ணன் பக்கத்திலேயே இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

தங்கதுரை கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே நகர்ந்து போவது கேட்டது. வேறு யாரையாவது பிடியுங்கடா என்று யாரிடமோ கத்தினான். பூமி குரலைக் கொஞ்சம் இறக்கினான். பக்கத்தில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள் போல. சிரித்துப் பேசுகிற மாதிரியே பேசினான்.

"அப்புறம் அண்ணி, எங்க சித்தப்பா நேத்துத்தான் பாட்டைப் பாத்தாரு. இந்த அண்ணனை எங்கயோ பாத்த மாதிரி இருக்குன்னு சொல்றாரு. டவுன்ல பாத்தேன், டவுன்ல பாத்தேன்னு ராத்திரியிலருந்து யோசிச்சுக்கிட்டே இருக்காரு. இந்த நம்பரும் இங்க நாலஞ்சு பேருகிட்டப் போயிருச்சு. என்ன சொல்றீங்க? ஊரை மாத்திக்கிட்டுப் போறீங்களா? இன்னைக்கேவா? நல்லது அண்ணி. நம்பரையும் மாத்திருங்க."

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவா?" என்றான் பூமி. இந்த இடத்தில் அவன் குரல் கொஞ்சம் வழுக்கியது. சமாளித்துக்கொண்டான். "நல்லாருக்காக அண்ணி. முட்டி வலி மட்டுந்தான். பாட்டு வந்ததிலருந்து தெனம் என் போனை வாங்கிப் பாக்குறாக. சத்தத்தைச் சுத்தமா அமத்திட்டு, அண்ணன் முகத்தை மட்டும் பாக்குறாக. நல்லா வச்சிருப்பாகளாடான்னு கேட்டுக்கிட்டே இருப்பாக." பிறகு அவசரமாகச் சொன்னான்: "பாப்பா பேரைப் போய்ச் சொல்றேன். வச்சிரட்டுமா அண்ணி?"

வைத்துவிட்டான்.

பாண்டித்துரை ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் தரையில் உட்கார்ந்திருப்பதையும் மடியில் கிடந்த போனையும் பார்த்தான்.

"யாரு? கமிட்டியிலருந்தா?"

"பூமி."

துண்டு கையிலேயே நின்றது. "உன் தம்பியா? என்ன சொன்னான்?"

"உங்களுக்குக் கால் முறிஞ்சிருச்சாம். அண்ணன்கிட்டச் சொல்லிட்டான். பொழுது சாயறதுக்குள்ள நம்மள வேற ஊருக்குப் போகச் சொல்றான். சோமனூருக்குப் போயிருவோம், அங்க தறிக் குடோன்ல வேலை கிடைக்கும்." எழுந்து அடுப்பை அணைத்தாள். பெட்டியை இழுத்துப் போட்டுத் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அவன் ஆணியில் தொங்கிய புது வேட்டி சட்டையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு எட்டி அதை எடுத்து, மடித்து, அவளிடம் நீட்டினான். 

அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"எங்கம்மா நல்லாருக்காகளாம்" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.